வலிக்காத பாதம்

திருப்பூர் முதலிபாளையத்தில் நான் தைக்கும் பனியன் கம்பெனியின் வாசலில் எப்போதும் ஒரு செருப்புக் குவியல் கிடக்கும். வெள்ளைத் துணியில் அழுக்கு ஒட்டக்கூடாது என்பதால் யாராக இருந்தாலும் வெறுங்காலோடுதான் உள்ளே போக வேண்டும். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு அதில் அதிசயம் இருக்காது. விளாத்திகுளத்துக் கரிசலில் சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் நானும் வெறுங்காலில் நடந்தவன்தான். இங்கே வந்தும் பஸ்ஸில், டீக்கடையில், பேங்கில் அப்படியே திரிந்தேன். வீட்டுக்கார அம்மா ஒருநாள் தன் கணவரின் பழைய செருப்பை நீட்டி, "வெச்சுக்குங்க, சங்கடப்படாதீங்க" என்றார். இல்லாமை வேறு, பழக்கம் வேறு என்று அவருக்கு எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டேன். போடவில்லை.

கொஞ்ச நாளாக எங்கள் வீட்டுத் தரையில் அங்கங்கே சிவப்புத் தீற்றல் தெரிந்தது. "சாயத் தண்ணிய மிதிச்சிட்டு வந்திருக்கீக" என்று சலித்துக்கொண்டே துடைத்தாள் என் மனைவி முத்துலட்சுமி. நானும் சாயம் என்றே நினைத்தேன்.

பிறகொரு நாள், என் பக்கத்து மெஷினில் ஊசி உடைந்தது. உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைக்காமல் எங்கள் தொழிலில் வேலை நகராது. தைப்பது குழந்தைகளின் உடுப்பு. முனைத்துண்டை மட்டும் காணவில்லை. சூப்பர்வைசர் ராஜாமணி லைனை நிறுத்திவிட்டு, இரும்பு இருந்தால் கத்துகிற கைக்கருவியோடு வந்தார். துணிகளின் மேல் காட்டினார். மேஜை, பிறகு தரை. என் ஸ்டூலுக்குக் கீழே அது கத்தியது. ஸ்டூலை நகர்த்தினார். திரும்பவும் கத்தியது. நான் காலைத் தூக்கியதும் தரை அடங்கிவிட்டது. கருவி என் பாதத்தைப் பார்த்துக் கத்தியது.

"ஏனுங்ணா, வலிக்கலீங்களா?"

"அது ஒண்ணும் செய்யலைங்க."

எங்கள் பக்கத்தில் அதற்கு வலி இல்லை என்று அர்த்தம். அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "நீங்க செஞ்சீங்கன்னு யாருங்க சொன்னது? காலைக் காட்டுங்க" என்று குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஊசிமுனைக்கு அருகில் எப்போதோ கண்ணாடி கிழித்த காயம் ஒன்று சீழ் வைத்திருந்தது. அதை நான் அதுவரை பார்த்ததில்லை. வீட்டில் முத்துலட்சுமி துடைத்தது எது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் என் காலிலிருந்து ஊசிமுனையை எடுத்த டாக்டர், "கண்ணை மூடிக்குங்க. நான் உள்ளங்கால்ல தொடுறப்பெல்லாம் சொல்லுங்க" என்றார். மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை.

"எப்ப சார் ஆரம்பிப்பீங்க?"

"முடிச்சுட்டேனுங்க."

சர்க்கரை வந்து பல வருடம் இருக்கும் என்றார். புண் ஆறாமல் கால் சுண்டுவிரலை எடுத்தார்கள். மரப்பு மருந்தின் வேகம் போன பிறகும் அந்த இடத்தில் வலியே வரவில்லை. அதற்குத்தான் முத்துலட்சுமி அழுதாள். இப்போது கம்பெனியில் என் ஒருவனுக்கு மட்டும் பூட்ஸ் போட அனுமதி. வெளி அழுக்குப் படாமல் அது கம்பெனிக்கு உள்ளேயே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் என்னை மேனேஜர் என்று நினைத்து எழுந்து நிற்கிறார்கள்.

இந்த முறை ஊரில் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு அந்த மாதிரி இன்னொரு பூட்ஸோடுதான் போனேன். உச்சிவெயிலில் அம்மன் வரும் தெருவில் ஊரே வெறுங்காலில் நின்றது. என் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னடே, திருப்பூர் போயி தொரை ஆயிட்டியோ? அம்மன் வார தெருவுல பூட்ஸு?"

அத்தனை பேர் முன்னால் சர்க்கரை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஓரமாகப் போய் இரண்டையும் கழற்றினேன். முத்துலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். பிள்ளைகள் நிற்க முடியாமல் கால் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் பிறந்த மண்ணின் மேல் அசையாமல் நின்றபடி, சுடுகிறதா என்று அவளிடம் கேட்டேன்.