குற்றாலம் போகிற வழியில் பருத்துப்போன வளையம்

சாரலில் நாலு நாள் குளிக்கலாம் என்றுதான், யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு ஆடி மாதம் லீவு எழுதிக் கொடுத்தேன். ரயில்வே பட்டறையில் எஃகைக் காய்ச்சிக் கடினமாக்கும் பிரிவில் எனக்கு வேலை. லீவிலும் அது என்னை விடவில்லை. இப்போது நினைத்தாலும் ஆத்திரம்தான் வருகிறது.

காலை ஏழு மணிக்குத் தென்காசி ஸ்டேஷனில் இறங்கினேன். குற்றாலம் மூன்று மைல் சொச்சம், பஸ்ஸுக்கு இரண்டணா. ஏழே முக்காலுக்குக் கிளம்பிய பஸ்ஸின் முன்சக்கரம் பாதி வழியில் இறுகிப்போய், வண்டி வாய்க்கால் பக்கம் இழுத்தது. டிரைவர் சங்கரபாண்டி ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திராவிட்டால் பயணிகள் பதினெட்டு பேரும் தண்ணீரில்தான்.

சேதி கேட்டுச் சைக்கிளில் வந்து சேர்ந்த பஸ் முதலாளி, எங்களுக்கு அடிபட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. நேராக டிரைவர் மேல் பாய்ந்தார்.

"ஏலே, கிரீஸ் வைக்காம தூங்குதியோ? சாவியக் கொடு. வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

"நேத்துதான் வச்சேன், முதலாளி. கழட்டிப் பாத்துட்டுப் பேசுங்க."

சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுச் சங்கரபாண்டி சக்கரத்தைக் கழற்றினான்; நானும் கைகொடுத்தேன். கிரீஸ் வெண்ணெய் மாதிரி நிறைந்திருந்தது. சக்கரத்தைச் சுழலவிடும் பேரிங்கின் உள்வளையம்தான் குண்டுகளை நெருக்கிப் பிடித்திருந்தது. யுத்தத்தால் புது பேரிங் கிடைக்காமல், முதலாளியின் மைத்துனர் தம் பட்டறையில் பழைய லாரி வளையங்களைக் கடைசல் பிடித்து, மறுபடி காய்ச்சிக் கொடுத்தாராம். எவ்வளவு காய்ச்சினார் என்று கேட்டேன்.

"வெள்ளையாப் பழுக்கக் காய்ச்சினாத்தான் உறுதி. சும்மாவா செஞ்சிருக்கான்!" என்றார் முதலாளி பெருமையாக.

எனக்கு வந்ததே கோபம்! அந்த எஃகை அளவுக்கு மீறிக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் முழுக்கக் கடினமாகாது. மாறாத மென்மையான பாகம் உள்ளே நிறையத் தங்கிவிடும். அதை ஆஸ்டெனைட் என்பார்கள். பாரத்தோடு குண்டுகள் உருளும்போது அது நசுங்கும், நசுங்க நசுங்கக் கடினமாக மாறும், மாறும்போது பருக்கும். மயிரிழை அளவுதான். குண்டு உருள விட்ட இடைவெளியும் மயிரிழைதானே!

முதலாளி நம்பவில்லை. டிரைவரின் சாமான் பெட்டியிலிருந்து அரத்தை எடுத்து வளையத்தின் ஓரத்தில் இழுத்தேன்; பொடி உதிர்ந்தது. குண்டு ஓடிய தடத்தில் இழுத்தேன், கடினமாகிப்போன இடத்தில் அரம் பிடிக்காமல் வழுக்கியது.

"ஒரே வளையம், ஐயா. நீங்களே இழுத்துப் பாருங்கள்."

மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது. மன்னிப்பு என்ற பேச்சே இல்லை.

"சரிலே, கிரீஸ் மேல தப்பில்ல. இந்தா சாவி. ஸ்பேர் வளையத்தப் போட்டு ஓட்டு, சீசன் நேரம்."

சங்கரபாண்டி வாங்கவில்லை. "ஸ்பேரும் அங்கன காய்ச்சினதுதான? அந்தப் பக்கச் சக்கரத்திலயும் அதுதான கெடக்கு?"

முதலாளி சாவியை மறுபடி நீட்டினார்.

"எனக்கும் மூணு பிள்ளைய இருக்கு, முதலாளி. இவங்களுக்கும் இருக்கும். நான் ஓட்ட மாட்டேன்."

"அப்ப வேலை இல்லலே, போ!"

பதினெட்டு உயிரைக் காப்பாற்றியவனுக்குக் கிடைத்த மரியாதை இது!

சீசனுக்குப் போகிறவர்கள் குடை எடுத்துக்கொள்ளுங்கள். சாமான் குறைவென்றால் நடந்தே போகலாம், ஒரு மணி நேரம்தான். பஸ்ஸில்தான் போவதென்றால், வண்டி எப்படி என்று முதலாளியிடம் கேட்காதீர்கள். டிரைவரிடம் கேளுங்கள்.

முதலாளி சாவியைத் தூக்கிக் காட்டி, "வேற யாருக்காவது ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஓட்டத் தெரியும். மூட்டையை எடுத்துக்கொண்டு சங்கரபாண்டியோடு நடந்தேன். திரும்பிப் பார்த்தால், மற்ற பதினேழு பேரும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.