ஃபைபர் திருத்த வந்தவர்

விடத்தல்தீவில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பைத் திருத்த வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, தலையில் வெள்ளைத் தொப்பி. எதையும் தொடுவதற்கு முன் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொள்வார்.

கனடாவிலிருந்து மகள் அனுப்பிய மூன்று வைஃபை பெட்டிகளோடு நான் மூன்று நாள் மல்லுக்கட்டியிருந்தேன். வீட்டுக்குள் போன் சிக்னல் நிற்காது. பிறந்து நான்கு மாதமான பேத்தியைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தோம்.

"ஐயா, எல்லாத்தையும் ஓஃப் பண்ணுங்கோ."

"அதெல்லாம் செய்து பார்த்தனான்."

"ஓம், ஆனால் எல்லாத்தையும் ஒண்டாப் போட்டிருப்பீங்கள். முதல்ல ஃபைபர் பெட்டியைப் போடோணும். அதின்ர லைட் மினுங்காமல் எரிஞ்ச பிறகுதான் மற்றதுகள்."

சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்து பொறுமையாகக் காத்திருந்தார். பத்து நிமிடத்தில் இணையம் வந்துவிட்டது. மனைவி அவருக்குத் தேத்தண்ணியோடு பனங்காய்ப் பணியாரமும் கொடுத்தாள். மூன்று நாளாக எனக்கு வெறும் தேத்தண்ணிதான்.

அவர் என் போனை வாங்கிச் சோதித்துக்கொண்டிருந்தபோது மகளின் வீடியோ அழைப்பு வந்தது. அவர் விரல் பட்டு அது திறந்துகொண்டது. திரையில் பேத்தி அவரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

"இந்தாங்கோ ஐயா, உங்கட பேத்தி" என்று பதறிப்போய் நீட்டினார்.

என் முகத்தைக் கண்டதும் பேத்தி அழத் தொடங்கினாள்.

இப்போது அவள் தினமும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவரும் நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்த முதல் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.