லாமிலே பார்க்கும் எடை

இடது கையில் ஒரு மாவுருண்டை, வலது கையில் ஒன்று. லாமிலே கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் ஏந்திப் பார்க்கிறாள். இடது கனம். அதிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து வலதில் ஒட்டுகிறாள். பிறகுதான் சோள மடலில் சுற்றிக் கொதிக்கிற பானைக்குள் போடுவாள். அக்ரா நகரின் புகோம் பகுதி முழுக்க இந்தக் கெங்கி உருண்டை விற்கும் பெண்கள்தான்; இந்தப் பைத்தியம் இவளுக்கு மட்டும். “ஒரே காசு குடுக்கிறவனுக்கு ஒரே உருண்டை. இல்லாட்டி அது கடையா, கொள்ளையா?” என்பாள்.

கணவன் ஓடார்ட்டே குத்துச்சண்டைக்காரன். அவன் மோதும் எடை நூற்று நாற்பத்தேழு பவுண்டு. இம்முறை எதிராளி சோவா, நூற்று நாற்பதுக்காரன். இரண்டுக்கும் நடுவில் ஓர் எடை வைத்து மோதலாம் என்றார்கள். சோவாவின் மேலாளர் குவார்க்கூ சாமர்த்தியசாலி. அவர் எழுதி வாங்கிய ‘நடு’ நூற்று நாற்பத்தொன்று. அதற்கு மேல் முள் போனால் சண்டை கிடையாது.

“நடுவுல சந்திக்கிறதுன்னா ரெண்டு பேரும் நடக்கணும்யா! இவரு ஆறு படி இறங்குவாராம், அவன் ஒரே ஒரு படி ஏறுவானாம். நல்லாருக்கே உங்க நியாயம்!” என்று லாமிலே குவார்க்கூவிடம் பொரிந்தாள்.

ஓடார்ட்டே தண்ணீரை மோந்து மட்டும் பார்த்துவிட்டு, வியர்த்து எடை குறைய பிளாஸ்டிக் சட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடினான். வற்றிய உடம்போடு மேடையேறுகிறவன் கதி என்ன என்று குத்துச்சண்டைக்குப் பேர்போன புகோமில் பிறந்தவளுக்குச் சொல்லித்தர வேண்டாம். லாமிலே பயந்துபோனாள். ஆனால் பயம் வந்தால் அவளுக்குச் சிரிப்பும் கூடவே வந்துவிடும்.

தினமும் காலையில் சோவாவின் பயிற்சிக்கூட வாசலில் போய்க் கூடையை இறக்கினாள். ஒளிவுமறைவே கிடையாது. “தம்பி, என் புருஷன் இறங்கி வர்றாரு. நீ கொஞ்சம் ஏறி வா.” கூடவே பொரித்த மீன், மிளகாய் அரைப்பு. “வேணாங்க்கா, வேணாங்க்கா” என்றபடியே சோவா இரண்டாவது மடலைப் பிரிப்பான். குவார்க்கூ சிரித்தார். “தின்னட்டும். கெங்கியில என்ன ஏறிடப் போகுது?”

எடை பார்க்கும் நாளும் வந்தது. விடியற்காலையில் ஓடார்ட்டே நூற்று நாற்பத்துமூன்றரை இருந்தான். இனி வற்றுவதற்குச் சொட்டு வியர்வை இல்லை. சண்டை கைவிட்டுப் போயிற்று என்று சுவரில் சாய்ந்து நின்றான். முதலில் சோவா தராசில் ஏறினான்.

“நூத்தி நாப்பத்திநாலு!”

இரண்டு பேர் துண்டு பிடித்து மறைக்க, சோவா கால்சட்டையையும் கழற்றிவிட்டு மறுபடி ஏறினான். முள் அசைந்தால்தானே! கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. குவார்க்கூ சோவாவின் வயிற்றைப் பார்த்தார், லாமிலேயைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். “நூத்தி நாப்பத்திநாலுன்னே வச்சுக்கலாமே. நாமெல்லாம் ஒரே ஊர்க்காரங்க.”

“ஊரு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்!” என்றாள் லாமிலே.

புது எடைக்கு இரு தரப்பும் கையெழுத்திட்டார்கள். ஓடார்ட்டே ஏறி இறங்கும்போது கால் தள்ளாடியது. சோவாதான் தாங்கிப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்து, பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தான். தண்ணீர் உள்ளே போனதும் இருவர் கண்களும் லாமிலேயின் கூடைக்குத் திரும்பின. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் வாங்கித் தின்றது போக ஒரே ஒரு கெங்கிதான் மிச்சம்.

லாமிலே மடலைப் பிரித்தாள். இரண்டாகப் பிட்டாள். கைக்கு ஒன்றாக ஏந்திக் கண்ணை மூடினாள். பிறகு கணவனின் பாதியிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து, சோவாவின் பாதியில் ஒட்டினாள்.