கண்ணாடிப் பெட்டிக்குள் முனியப்பன்

கோழி தீயில் வாடும் வாசனை. போன ஞாயிறு, பாலக்காட்டில் ஒரு ஏ.சி. ஹோட்டல். வாசனை என்னவோ கிரில் அடுப்பிலிருந்துதான் வந்தது. என் மூக்கு மட்டும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வரப்புக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

விருந்து ரெஜினாவுக்கு. கல்லூரியிலிருந்தே என் தோழி. இடுக்கி ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில் பிறந்து, பாலி மொழி படித்து, இன்று பௌத்தவியல் பேராசிரியை. உலகமே அண்ணாந்து பார்க்கிற ஒரு ஃபெல்லோஷிப் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடம் வெளிநாட்டில் ஆராய்ச்சி. எதைப் பற்றி? அந்த வரப்பில் இருந்த ஒரு கல்லைப் பற்றி.

கல் என்றால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். அவர் முனியப்பன். பனைமரத்தடியில் கண்மூடி உட்கார்ந்திருப்பார். சேவல் அறுப்பார்கள், அங்கேயே தீயில் வாட்டுவார்கள், சுருட்டைப் பற்றவைத்து அவர் முன்னால் வைப்பார்கள். நாங்கள் போயிருந்த அன்று பூசாரி பழனிச்சாமி எங்களுக்கும் இலையில் கறி வைத்தார். ரெஜினா தொடவில்லை. சிலையின் நெற்றியில் அப்பியிருந்த மஞ்சளை விரலால் மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருந்தது புத்தர்.

கொல்லாதே என்றவருக்கு இத்தனை காலமாகச் சேவல்! சிரிப்பு வருகிறதா? அன்று எனக்கும் வந்தது.

ரெஜினாவின் கட்டுரை வந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். பிறகு ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். முனியப்பன் இப்போது ஒரு மியூசியத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள். விளக்கு இல்லை, சுருட்டு இல்லை... மேலே ஒரு டியூப்லைட் மட்டும். வரப்பில் ஒரு குழி, அதில் மழைத்தண்ணீர்.

யாருமே தொலைக்காத ஒன்றைக் 'கண்டுபிடித்தோம்' என்று எப்படித்தான் கூசாமல் சொல்கிறோமோ!

பேப்பரில் ஃபெல்லோஷிப், விருந்துச் செய்தி பார்த்துவிட்டு, போன ஞாயிறு பழனிச்சாமி பஸ் ஏறி ஹோட்டலுக்கே வந்துவிட்டார். ரெஜினாவும் நானும் வாசலுக்குப் போனோம். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அவர் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. முனியப்பனிடம் நேர்ந்துகொண்டு பிறந்த குழந்தை. அவர் முன்னால் முதல் முடி இறக்கி, சேவல் அறுக்க வேண்டும். குழிக்கு முன்னால் இறக்க மகள் சம்மதிக்கவில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. ஒரே ஒரு காலை, சாமியை ஊருக்கு அனுப்பச் சொல்ல முடியுமா? டீச்சர் சொன்னால் கேட்பார்கள் இல்லையா?

முடியாது, அது தன் கையில் இல்லை என்றாள் ரெஜினா. பிறகு, ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"அண்ணே, அது புத்தர். அவரு பலியெல்லாம் கேக்க மாட்டாரு. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

உள்ளே தட்டுத் தட்டாகக் கோழி போய்க்கொண்டிருந்தது.

"அவரு கேக்க மாட்டாருங்க டீச்சர், சரிதானுங்க. நேந்தது நாமதானுங்களே."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். படியிறங்கியவர் நின்று திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை, கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்.

"ஏனுங் டீச்சர், உங்குளுக்கும் அவருதானுங்க குடுத்திருக்காரு. நீங்க என்னங்க நேந்துக்கிட்டீங்க?"