தொட்டி பூரா பூச்சி

தொட்டியில் வளர்க்கிற பாக்டீரியாவுக்குப் பூச்சி என்று பெயர் வைத்தவன் யாரென்று தெரிந்தால் பொங்கியண்ணன் நாலு வார்த்தை கேட்டுவிடுவார். ஒரு மாதமாக அடக்கி வைத்திருக்கிற எரிச்சல். மண்ணரைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவர் பிளம்பர். அங்கே கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டவள் அனுசுயா.

சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். பஞ்சுத் தூசு நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் இங்கே வந்து சேர்ந்தாள். வார்டுத் தண்ணீரில் மாத்திரை, ஊசி மருந்தின் மிச்சமெல்லாம் கரைந்து வரும். அதைத் தின்னப் பூச்சியைப் பழக்க வேண்டும். வெல்லத் தண்ணீர் ஊற்றி வளர்த்து, மருந்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவாள். ஒரேயடியாக விட்டால் செத்துப்போகும்.

"எம் புள்ளைகளுக்குக்கூட இப்படிப் பாத்துப் பாத்து ஊட்டுனதில்ல அண்ணாச்சி."

"உம்பட புள்ளைக இப்படி நாறாதல்ல, அம்மிணி."

தெளிந்த தண்ணீர் அடுத்த தோட்டத்துக் கிட்டுசாமியின் மாட்டுப் புல்லுக்குப் போகும். அந்த வால்வுச் சாவியைப் பொங்கியண்ணனிடம் வாங்கி அவள்தான் திறந்துவிடுவாள்.

போன மாதம் ஒருநாள், "தொட்டி பூரா பூச்சி வந்திருக்கு அண்ணாச்சி" என்று சந்தோஷமாகச் சொன்னாள். துப்புரவு வேலைக்குப் புதிதாக வந்த சூப்பர்வைசர் மாதவன் காதிலும் அது விழுந்தது. அவள் டீ குடிக்கப் போன நேரம், இருந்த பினாயில் கேனையெல்லாம் தொட்டியில் கவிழ்த்துவிட்டான்.

"இனிமே பூச்சித் தொல்லையே இருக்காதுக்கா" என்று வேறு சொன்னான்.

அவள் வெளுத்த தண்ணீரைப் பார்த்தபடி தொட்டியோரம் உட்கார்ந்துவிட்டாள்.

தொட்டி நிரம்பிக்கொண்டு வந்தது. மேனேஜர் பிரதீப் வந்து, புல்லுக்குத் திறந்துவிடச் சொன்னார்.

"பூச்சி செத்துப்போச்சு சார். மருந்து அப்படியே போகும். மாடு திங்கிற புல்லு."

"தண்ணி தண்ணிதானம்மா. யாருக்குத் தெரியப் போகுது?"

"லாரி வச்சு எடுக்கச் சொல்லுங்க. வேற சுத்திகரிப்பு பிளாண்டுல இருந்து பூச்சி கொண்டாந்து பழக்குற வரைக்கும் நான் தெறக்க மாட்டேன்."

"அப்ப நீ வேலைக்கே வர வேண்டாம்."

அவள் கை கழுவிவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பொங்கியண்ணன் கேட் வரைக்கும் கூடவே போனார்.

கேட்டருகே நின்று அவள் சொன்னாள்: "வால்வு சாவி உங்ககிட்டதான இருக்கு. லாரி வர்ற வரைக்கும் யார் கேட்டாலும் குடுத்துராதீங்க அண்ணாச்சி."