மானுக்கு நான் சொன்ன விளக்கம்

சென்ற வாரம் குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஒருவர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசகர்களிடம் திட்டு வாங்கிப் பழகியவன்தான் நான். ஆனால் மாதையன் வெறும் வாசகர் இல்லை, எழுதுகிறவர். விற்பதற்காக ஒரு கறவை மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி.

ஏன் திருப்பிக்கொண்டார்? சொல்கிறேன். எனக்குப் பெருமை தரும் விஷயம் இல்லை.

போன வருடம் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் குடும்ப விழா. அதில் கதைப் போட்டி, நடுவர் நான். ‘சின்ன வயதில் கேட்ட கதையைப் பெரியவர்களுக்காகத் திருப்பி எழுதுங்கள்’ — தலைப்பும் என் யோசனைதான். வந்ததில் பாதி, முயலுக்கும் ஆமைக்கும் காதல். ஒன்றில் டூயட்கூட இருந்தது.

மாதையனின் கதை மட்டும் என்னை உலுக்கிவிட்டது. பேரிகை கிராமத்திலிருந்து வந்து, மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறையில் குடும்பத்தோடு இருந்த கான்ட்ராக்ட் தொழிலாளி அவர்.

தினம் ஒரு மிருகம் சிங்கத்துக்கு இரையாகப் போகும், கடைசியில் முயல் அதை ஏமாற்றிக் கிணற்றில் விழ வைக்கும்... அந்தப் பழைய கதைதான். ஆனால் யார், என்றைக்குப் போவது என்று முடிவு செய்தது யார்? நாம் யாராவது கேட்டோமா? மாதையன் கேட்டிருந்தார்.

அவர் காட்டில் ஒரு கிழட்டு மான், மரப்பட்டையில் கொம்பால் கீறிப் பட்டியல் போடுகிறது. தாய்மார்கள் ரகசியமாக வந்து பக்கத்து வீட்டுக் குட்டியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நியாயஸ்தன் என்று பெயர் வாங்க, மான் ஒருநாள் தன் குட்டியின் பெயரையே எழுதுகிறது. சிங்கம் செத்த மறுநாள் காலையும் மிருகங்கள் மரத்தடிக்கு வந்து நிற்கின்றன. பழக்கம்! மான் முயலின் பெயரை எழுதுகிறது. எல்லோரும் சேர்ந்து முயலைத் தூக்கி அதே கிணற்றில் போடுகிறார்கள்.

முதல் பரிசு கொடுத்தேன். மேடையில் நானே வாசித்தேன். அரங்கமே கப்சிப். அதோடு இறங்கியிருக்கலாம். மைக் கையில் இருந்தால் நமக்கு வாய் சும்மா இருக்குமா?

“நண்பர்களே, இந்த மான் காட்டில் இல்லை. உங்கள் நோட்டீஸ் போர்டில் வாராவாரம் ஷிஃப்ட் லிஸ்ட் ஒட்டுகிறதே... அது யார்?”

விசில் பறந்தது. அத்தனை தலைகளும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பின. அங்கே மனைவி, பிள்ளைகளோடு ஷிஃப்ட் இன்சார்ஜ். ஒன்றும் புரியாமல் அவருடைய சின்ன மகளும் கை தட்டினாள். அவர் தட்டவில்லை.

மேடைக்குப் பின்னால் மாதையன் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“சார், நானு பேய்க் கதை மாதிரி எழுதுனேன் சார். அவர நெனச்சி எழுதவே இல்ல. என்னாத்துக்கு சார் அப்பிடிச் சொன்னீங்க?”

“எழுதியவருக்கே சில சமயம் அர்த்தம் தெரியாது” என்று தோளில் தட்டிக் கொடுத்தேன். என்ன திமிர் பாருங்கள்!

அடுத்த வார லிஸ்டில் அவர் பெயர் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கான்ட்ராக்ட் ஆளை நிறுத்தக் கடிதமா கொடுப்பார்கள்? பெயரை எழுதாமல் விட்டால் போதும்.

விஷயம் தெரிந்து கம்பெனிக்குப் போன் செய்தேன். “அது கான்ட்ராக்டர் பாடு சார்” என்றார்கள். கான்ட்ராக்டரோ, “கம்பெனி சொன்னாத்தான் சார்” என்றார். இரண்டே போன். பிறகு எனக்கு எழுத வேறு விஷயங்கள் வந்துவிட்டன.

சந்தையில் நானாகப் போய்ப் பேசினேன். ஊருக்கே திரும்பிவிட்டார்களாம். வேறு கம்பெனிகளிலும் கேட்டுப் பார்த்தாராம். ‘கதை எழுதுன ஆளா?’ என்று சிரித்து அனுப்பிவிட்டார்களாம்.

“இப்போது எழுதுகிறீர்களா?” என்று கேட்டேன். என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்ட கேள்வி. அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். மனைவிதான் பதில் சொன்னார்.

“அன்னிக்கி நல்லாத்தான் படிச்சீங்க சார். எம் புள்ளைங்ககூட, நம்ம அப்பா எழுதுனதுன்னு குதிச்சாங்க. படிச்சிட்டு அப்பிடியே எறங்கியிருக்கலாமில்ல?”

மன்னிப்புக் கேட்டேன். மாடு வாங்க யாரோ வந்ததும் இருவரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

அந்த அம்மாள் சொன்னது எனக்கு உறைத்ததா? எங்கே... இதோ, இந்த வாரமும் அவர் கதையைச் சொல்லித்தான் உங்களிடம் கைதட்டல் வாங்கப் பார்க்கிறேன்.