வால் அறுந்த பெயர்கள்

என் தம்பிக்கு ஆபீசில் 'மூட்டை' என்று பெயர். மற்றவர்கள் எழுதுகிற மென்பொருளை ஒரே கோப்பாகக் கட்டி வாடிக்கையாளருக்கு அனுப்புவதுதான் அவன் வேலை. அது கிண்டல் என்பதுகூட இவனுக்கு உறைக்காது, மண்ணாங்கட்டி.

போன வாரம் அவன் கட்டிய மூட்டை ஒன்று போன இடத்தில் மானத்தை வாங்கியது. மென்பொருள் திறக்கிறது, பாதிப் பக்கங்களைக் காணோம். மேலாளர் வாடிக்கையாளரின் கணினியைத் திட்டினார், இணையத்தைத் திட்டினார். இவன் உள்ளே வைத்ததையும் வெளியே வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அந்தப் பழைய மூட்டை வடிவத்தில், கோப்புறையின் பெயரையும் சேர்த்து, ஒரு கோப்பின் பெயருக்கு நூறு இடம்தான்; ஆங்கில எழுத்துக்கு ஒரு இடம். அதற்கு மேல் நீண்டால் வாலை நறுக்கிவிடும். வால் போனதும் பல கோப்புகளுக்கு ஒரே பெயர். ஒரே பெயரில் இன்னொன்று வந்தால் பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். ஒரு வார்த்தை சொல்லாது, பாவி.

பெயர்களைச் சுருக்கி மறுபடி கட்டி அனுப்பினான். "மூட்டை, பொழச்சோம்டா!" என்றாராம் மேலாளர்.

அன்று அவன் நேராக என் வீட்டுக்கு வந்து, உட்காராமல் நின்றான்.

"அக்கா, மாமா உனக்கு அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கட்டி வெச்சேன்ல? அதையும் இதே மாதிரிதான் கட்டினேன்."

என் கணவர் போனபின் நான் அதைத் திறக்கவே இல்லை. அழுகையும் வரவில்லை, மரத்துப்போய்க் கிடந்தேன். என்றைக்காவது எல்லாவற்றையும் கேட்டு அழுது தீர்க்கலாம் என்று தள்ளிப் போட்டிருந்தேன். பழைய போனில் இருந்ததையெல்லாம் அழித்து யாருக்கோ கொடுத்தும் ஆயிற்று.

கோப்புறைக்கு 'அக்காவுக்கு மாமா பேசியவை அழிக்காதே' என்று ஆசையாகத் தமிழில் பெயர் வைத்திருக்கிறான். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று இடம், சிலது ஆறு இடம் பிடிக்குமாம். நூறும் அதிலேயே தீர்ந்து, பின்னால் கோப்புப் பெயர்களில் இருந்த தேதிகள் அறுந்துவிட்டன. ஆங்கிலத்தில் வைத்திருந்தால் தப்பியிருக்கும்.

"அறிவுகெட்டவனே, சொல்லாமலே இருந்திருக்கலாமேடா!" என்று கத்தினேன்.

"என்னைக்காவது நீ தனியா திறப்பேல்ல. அதான்."

திறந்தோம். ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. ஓடவிட்டான்.

"ஏய், சாவிய எங்கடி வெச்ச? வெளியிலயே நிக்கிறேன்."

"பூந்தொட்டிக்கு அடியிலதாங்க," என்றேன். "நல்லாப் பாருங்க."